புறப்பாட்டுக்கு முந்தைய மூன்று மணி நேரம்: பன்னாட்டு விமான நிலைய வரிசைகள் குறித்து ஓர் ஆய்வு

பன்னாட்டு விமானத்தில் செல்பவர் புறப்பாட்டு நேரத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாகவே நிலையத்தை அடைந்துவிட வேண்டும் என்பது இன்று ஏறக்குறைய எல்லா விமான நிறுவனங்களும் சொல்லும் அறிவுரை. அந்த மூன்று மணி நேரத்தில் ஒருவரின் ஆவணங்களையும் உடைமைகளையும் உடலையும் அதிகாரிகள் சோதிக்கும் நேரத்தை மட்டும் கூட்டிப் பார்த்தால், சிக்கல் ஏதும் எழாதவரை, அது சில நிமிடங்களுக்குள் அடங்கிவிடும். மீதி நேரமெல்லாம் நிற்பதிலும் நகர்வதிலும் மறுபடி நிற்பதிலும் கழிகிறது. சோதனை கடுமையாக இருப்பதால்தான் வரிசை நீள்கிறது என்ற பரவலான கருத்து இதனால் பாதியளவே சரியாகிறது. வெவ்வேறு அமைப்புகளின் பொறுப்பிலுள்ள சோதனைகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கப்பட்டிருப்பதும், பயணிகள் ஒரே வேளையில் வந்து திரள்வதும், ஒருமுறை உள்ளே வந்த விதி எளிதில் வெளியேறாததும் மறுபாதிக்குக் காரணங்கள். இந்த மறுபாதியைப் பற்றித்தான் பேச்சு குறைவாக நடக்கிறது.

இந்தியாவிலிருந்து புறப்படும் பயணி கடக்கும் கட்டங்களை வரிசைப்படுத்தினால் இது விளங்கும். முனையக் கட்டடத்தின் வாசலிலேயே மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படையினர், அதாவது சி.ஐ.எஸ்.எஃப். காவலர்கள், பயணச்சீட்டையும் பாஸ்போர்ட்டையும் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அடுத்து விமான நிறுவனத்தின் செக்-இன் கவுன்ட்டரில் பெட்டிகள் எடைபோடப்பட்டு, விமானத்தில் ஏறுவதற்கான போர்டிங் பாஸ் தரப்படுகிறது. பிறகு உள்துறை அமைச்சகத்தின் கீழுள்ள குடிவரவுப் பணியகத்தின் இமிகிரேஷன் சோதனை, பெரும்பாலோருக்குப் பெயரளவில் முடிந்துவிடும் சுங்கச் சோதனை, மீண்டும் சி.ஐ.எஸ்.எஃப். நடத்தும் உடல், கைப்பைச் சோதனை; கடைசியாக ஏறுவாயில். இத்தனைக்கும் இடமளிப்பது விமான நிலையத்தை நடத்தும் நிறுவனம், பாதுகாப்பு விதி வகுப்பது சிவில் விமானப் போக்குவரத்துப் பாதுகாப்புப் பணியகம். ஒவ்வோர் அமைப்பும் தன் மேசைக்கு முன்னுள்ள வரிசையை மட்டுமே தன்னுடையதாகக் கருதுகிறது. வாசலிலிருந்து ஏறுவாயில் வரை ஒரு பயணிக்கு மொத்தம் எவ்வளவு நேரம் ஆனது என்பதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் எவரும் இல்லை.

இக்கட்டங்கள் எவையும் திட்டமிட்டு ஒரே நாளில் உருவானவை அல்ல. 1960களின் இறுதிவரை உலகின் பெரும்பாலான விமான நிலையங்களில் பயணியை நிறுத்திச் சோதிக்கும் வழக்கமே இல்லை. அமெரிக்காவில் விமானக் கடத்தல்கள் தொடர்கதையான பின்னர்தான், 1973 ஜனவரி 5 முதல் எல்லாப் பயணிகளையும் அவர்களது கைப்பைகளையும் சோதிப்பது அங்கே கட்டாயமாயிற்று. மறு ஆண்டு மார்ச்சில் பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, 1944ஆம் ஆண்டுச் சிகாகோ உடன்படிக்கையின் 17ஆம் பிற்சேர்க்கையாகப் பாதுகாப்பு நெறிமுறைகளை ஏற்றுக்கொண்டது. இன்று எந்த நாட்டின் சோதனை விதிக்கும் அடிப்படை அதுவே. அந்தக் காலத்துச் சோதனை, துப்பாக்கியோடு ஏறுபவரைத் தடுப்பதைக் குறியாகக் கொண்டிருந்தது. தான் ஏறாமல் பெட்டியை மட்டும் ஏற்றி அனுப்புபவரை அது எதிர்பார்க்கவில்லை.

அந்த ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைச் சென்னை முன்கூட்டியே கண்டது. 1984 ஆகஸ்ட் 2 இரவு மீனம்பாக்கத்தில் வெடித்த குண்டு, கொழும்பு விமானத்துக்கெனப் பதிவுசெய்துவிட்டுப் பயணி ஏறாமல் போன பெட்டிகளில் இருந்தது. 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அடுத்த ஆண்டு ஜூன் 23 அன்று ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானம் அயர்லாந்துக் கரைக்கு அப்பால் வெடித்துச் சிதறி 329 பேர் மாண்டபோதும் காரணம் அதே வகையான பெட்டிதான்: உரியவர் இல்லாமல் வான்கூவரிலிருந்து விமானம் மாறி வந்தது. 1988 டிசம்பரில் ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேல் விமானத்தைத் தகர்த்து 270 உயிர்களைக் குடித்ததும் துணையில்லாமல் பயணித்த பெட்டியே. பெட்டிக்கு உரியவர் விமானத்தில் இருக்கிறாரா என்று ஒப்பிட்டுப் பார்த்து, இல்லையெனில் பெட்டியை இறக்கிவிடும் நடைமுறை இவற்றின் விளைவாக நிலைபெற்றது. கடைசி நேரத்தில் ஒரு பயணி வராமற் போனால் விமானமே தாமதமாவதன் காரணமும் இதுதான். இந்தியாவின் பாதுகாப்புப் பணியகம் 1987 ஏப்ரலில் தனித்துறையானது கனிஷ்காவுக்குப் பின். ஐ.சி. 814 விமானம் 1999 டிசம்பரில் காந்தஹாருக்குக் கடத்தப்பட்டதையடுத்து, 2000 பிப்ரவரியில் ஜெய்ப்பூரில் தொடங்கி, விமான நிலையக் காவல் மாநிலக் காவல்துறைகளிடமிருந்து சி.ஐ.எஸ்.எஃப். கைக்கு மாறியது.

இவ்வரலாற்றில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. விதி ஓர் இரவில் பிறக்கிறது. மறைய இருபது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது. காலணியில் வெடிமருந்தை மறைத்து வந்தவர் பிடிபட்டது 2001 டிசம்பரில். அதையொட்டி அமெரிக்காவில் 2006 முதல் கட்டாயமாக்கப்பட்ட காலணி கழற்றும் விதி 2025 ஜூலையில்தான் கைவிடப்பட்டது. திரவ வெடிபொருள் கொண்டு விமானங்களைத் தகர்க்கும் சதி 2006 ஆகஸ்டில் பிரிட்டனில் அம்பலமான சில மணி நேரத்தில் கைப்பையில் திரவங்களுக்குத் தடை வந்தது. அது விரைவில் 100 மில்லிலிட்டர் வரம்பாகத் தளர்ந்து, உலகெங்கும் பரவி, பல ஆண்டுகள் அங்கேயே நின்றது. பையைப் பல கோணங்களில் படமெடுத்து முப்பரிமாணமாகக் காட்டும் சி.டி. ஸ்கேனர்கள் வந்தால் வரம்பை நீக்கலாம் என்று பிரிட்டன் முடிவுசெய்து, 2024 ஜூனைக் கெடுவாக வைத்தது. பல நிலையங்களால் கெடுவுக்குள் அவற்றை நிறுவ முடியவில்லை, நிறுவிய சில நிலையங்களுக்கும் அதே மாதம் பழைய வரம்பே திரும்பியது. ஐரோப்பிய ஒன்றியமும் 2024 செப்டம்பர் 1 முதல் புதிய கருவி உள்ள நிலையங்களிலும் 100 மில்லிலிட்டரையே மீண்டும் விதித்தது. விதியை நீக்கிய பின் ஏதேனும் நடந்துவிட்டால் கையொப்பமிட்ட அதிகாரி பொறுப்பாவார். நீக்காமல் வைத்திருந்தால் வீணாகும் பயணிகளின் நேரத்துக்கு எவரும் பொறுப்பாவதில்லை. இச்சமனின்மை நீடிக்கும்வரை எந்தத் துறையும் தானாக விதியைக் குறைக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. எனினும் விதிவிலக்குகள் உண்டு: கைப்பையில் ஓர் அட்டையைக் கட்டி அதன்மேல் முத்திரை குத்தும் இந்திய வழக்கம், கண்காணிப்புக் கேமராக்கள் போதுமான அளவு உள்ளன என்ற அடிப்படையில் 2017 ஏப்ரலில் ஏழு பெரிய நிலையங்களில் கைவிடப்பட்டது, அதே ஆண்டு ஜூலை முதல் இந்தியர்கள் புறப்படும்போது நிரப்ப வேண்டியிருந்த குடியகல்வுப் படிவமும் ஒழிந்தது. இவ்விரண்டாலும் பாதுகாப்பு எள்ளளவும் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை.

வரிசை ஏன் நீள்கிறது என்பதற்குக் கணிதம் தரும் விடை நூற்றாண்டு பழையது. கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஏ. கே. எர்லாங், அழைப்புகள் எப்படிக் குவிகின்றன என்று ஆராய்ந்து 1909இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வரிசைக் கோட்பாடு என்ற துறையே தோன்றியது. அதன் எளிய மாதிரி ஒன்றின்படி, ஒரு கவுன்ட்டர் தன் திறனில் 80 விழுக்காட்டுக்கு வேலை செய்யும்போது சராசரிக் காத்திருப்பு ஒருவரைச் சோதிக்க ஆகும் நேரத்தைப்போல் 4 மடங்கு. 90 விழுக்காட்டில் 9 மடங்கு. 95 விழுக்காட்டில் 19 மடங்கு. கூட்டம் சிறிதளவு கூடினால் காத்திருப்பும் சிறிதளவே கூடும் என்று நம்பி ஆள்பலத்தை இறுக்கிப்பிடிக்கும் நிர்வாகங்கள் இதனால்தான் ஏமாறுகின்றன. ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதி இன்னும் எளிது: வரிசையில் நிற்போரின் சராசரி எண்ணிக்கை, நிமிடத்துக்கு வந்து சேர்வோரின் எண்ணிக்கையைச் சராசரிக் காத்திருப்பு நிமிடங்களால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். முன்னால் 600 பேர் நிற்க, நிமிடத்துக்கு 20 பேர் கடந்துகொண்டிருந்தால், கடைசியில் சேர்பவர் அரை மணி நேரம் நிற்பார். அறிவிப்புப் பலகை என்ன சொன்னாலும் இக்கணக்கு மாறாது.

பயணிகள் நாள் முழுவதும் சீராக வந்தால் இவ்வளவு இடர் இல்லை. சென்னையிலிருந்து வெளிநாடு செல்லும் விமானங்களில் பெரும்பகுதி முன்னிரவு தொடங்கி விடியல்வரை புறப்படுகிறது, இதற்குப் பின்னால் புவியியலும் பிற நாட்டுச் சட்டங்களும் உள்ளன. பிராங்க்பர்ட் போன்ற நிலையங்களில் இரவு 11 முதல் காலை 5 வரை விமானங்கள் இறங்கத் தடை; வளைகுடா நாட்டு நிறுவனங்களோ, பல ஊர்களிலிருந்து வரும் பயணிகளைத் தம் மையத்தில் அதிகாலையிலும் காலையிலும் ஒன்றுசேர்த்து அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் அனுப்பும் முறையில் நேரங்களை அமைத்துள்ளன. அங்கே காலையில் இறங்க வேண்டுமானால் இங்கே நள்ளிரவையொட்டிக் கிளம்பியாக வேண்டும். ஆகவே பகலில் ஆளின்றிக் கிடக்கும் அதே கூடம் நள்ளிரவில் நிரம்பி வழிகிறது.

எடுத்துக்காட்டாக, அடுத்தடுத்துப் புறப்படும் சில பெரிய விமானங்களின் 1,200 பயணிகள் ஒரு மணி நேரத்துக்குள் பாதுகாப்புச் சோதனைக்கு வந்து சேர்வதாகவும், திறந்துள்ள ஆறு தடங்கள் ஒவ்வொன்றும் மணிக்கு 150 பேரை அனுப்புவதாகவும் கொள்ளலாம். மணி முடியும்போது 300 பேர் மிஞ்சுவர். அவர்களில் கடைசி ஆள் 20 நிமிடம் நிற்பார். அதே 1,200 பேர் இரண்டு மணி நேரத்தில் பரவி வந்தால் வரிசையே இராது. எல்லாரும் ஒரு மணி நேரம் முந்தி வந்தாலோ, குவியல் அப்படியே ஒரு மணி நேரம் முன்னால் நகருமேயன்றிக் கரையாது. முன்கூட்டி வாருங்கள் என்ற அறிவுரை தனியொருவருக்கு நல்லது, எல்லாரும் பின்பற்றினால் பயனற்றது. செக்-இன் கவுன்ட்டர்கள் பெரும்பாலும் புறப்பாட்டுக்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்புதான் திறப்பதால், ஐந்து மணி நேரம் முன்னதாக வருபவர் தள்ளுவண்டியோடு மூடிய கவுன்ட்டருக்கு முன் வேறொரு வரிசையைத் தொடங்கிவைக்கிறார்.

செக்-இன் வரிசையின் மந்தத்துக்கு எடைக்கருவியைக் குறை கூறுவது வழக்கம். உண்மையில் அங்கே நேரத்தை விழுங்குவது ஆவணச் சரிபார்ப்பு. உரிய விசா இல்லாதவரை ஏற்றி வந்த விமான நிறுவனத்துக்குச் சேரும் நாடு அபராதம் விதிக்கும். திருப்பி அழைத்துச் செல்லும் செலவும் நிறுவனத்தின் தலையில் விழும். எனவே எல்லைக் காவலரின் வேலையில் ஒரு பங்கைக் கவுன்ட்டரில் இருக்கும் இளம் ஊழியர், நாடுவாரியான நுழைவு விதிகளைத் தொகுத்துத் தரும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தைப் பார்த்துக்கொண்டே செய்கிறார். வீட்டிலிருந்தே இணையவழிச் செக்-இன் செய்த பன்னாட்டுப் பயணியும் பல வேளைகளில் கவுன்ட்டருக்கு வர வேண்டியிருப்பதன் காரணம் இதுவே.

பாதுகாப்புச் சோதனை மேசையைச் சற்று நெருங்கிப் பார்ப்பது பயன் தரும். உருளைகள் பதித்த நீண்ட மேசையில் பயணி ஒரு தட்டை எடுத்துவைக்கிறார். மடிக்கணினியும் கைபேசியும் பவர் பேங்கும் பையிலிருந்து வெளியே வந்து தட்டில் படுக்க வேண்டும். பெல்ட், கைக்கடிகாரம், சில்லறை, சாவிக்கொத்து எல்லாம் அதன்மேல் சேர்கின்றன. பழைய வகை மேசையில் ஒருவர் இவற்றைக் கழற்றி முடிக்கும்வரை பின்னால் இருப்பவர் தட்டை நகர்த்த இயலாது. எக்ஸ்ரே கருவி வெறுமனே ஓடிக்கொண்டிருக்கும். பல இடங்களில் புதிதாக வந்துள்ள தானியங்கித் தடங்களில் நான்கைந்து பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே நேரத்தில் தட்டை நிரப்ப முடிகிறது. அவற்றின் முதன்மையான நன்மை இதுதான், கருவியின் கூர்மை இரண்டாவது. தட்டு போன பின் உடல் சோதனை. ஐரோப்பாவில் கருவி ஒலித்தவரையும் தற்செயலாகத் தேர்ந்தவரையும் மட்டுமே கையால் தடவிப் பார்ப்பது வழக்கமாக இருக்க, இந்தியாவில் கதவுச்சட்ட மெட்டல் டிடெக்டரைக் கடந்த ஒவ்வொருவரும் சிறு மேடைமேல் ஏறிக் கைகளை விரித்து, கைக்கருவியாலும் கையாலும் சோதிக்கப்படுகிறார். பெண்களுக்குத் திரையிட்ட அறைக்குள், பெண் காவலர் மட்டுமே. தாலிக்கொடி, மெட்டி, வளையல் என்று ஒவ்வொன்றுக்கும் கருவி ஒலிக்கும்; ஆண்களில் சிலருக்கு வெள்ளி அரைஞாண் ஒலித்து, சட்டையைத் தூக்கிக் காட்ட வேண்டியிருக்கும். பெண் காவலர்கள் குறைவாக உள்ள பணிமுறையில், பெண்களின் பைகள் வெளியே வந்து குவிய, பைக்கு உரியவர்கள் திரைக்கு இப்பால் நிற்கும் காட்சி சாதாரணம். உலோகமல்லாத பொருளையும் காட்டும் உடல் ஸ்கேனர்களை நிறுவுமாறு 2019இலேயே உத்தரவு பிறந்தும், பெருந்தொற்று குறுக்கிட, அவை இன்னும் பரவலாகவில்லை.

திரைக்கு முன் அமர்ந்திருப்பவரின் வேலை வெளியிலிருந்து தோன்றுவதைவிடக் கடினமானது. அரிதாக வருவதைக் கண் தவறவிடும் என்பதை ஜெரமி வுல்ஃப் குழுவினர் 2005இல் வெளியிட்ட சோதனை காட்டியது: தேடும் பொருள் பாதிப் படங்களில் இருந்தபோது 7 விழுக்காடு தவறவிடப்பட்டது, நூற்றுக்கு ஒரு படத்தில் மட்டும் இருந்தபோது அது 30 விழுக்காடாக உயர்ந்தது. உண்மையான வெடிகுண்டோ நூற்றுக்கு ஒன்று என்ற அளவிலும் வருவதில்லை. இதற்கு மாற்றாகவே கருவியின் மென்பொருள் அவ்வப்போது பொய்யான ஆயுதப் படத்தைத் திரையில் புகுத்தி ஊழியரின் விழிப்பைச் சோதிக்கிறது. ஐரோப்பிய விதி ஒருவரைத் தொடர்ந்து 20 நிமிடத்துக்குமேல் படம் பார்க்க அனுமதிப்பதில்லை. இவ்வளவுக்குப் பின்னும், அமெரிக்காவில் 2015இல் வெளியே கசிந்த உள்தணிக்கையில், பயணிகளைப்போல் வேடமிட்டு வந்தவர்கள் 70 முயற்சிகளில் 67இல் தடைசெய்யப்பட்ட பொருளைக் கடத்திச் சென்றுவிட்டனர். வரிசையின் நீளத்தைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

நீண்ட வரிசை தானே ஆபத்து என்ற வாதம் இன்னும் வலுவானது. 1985 டிசம்பர் 27 அன்று ரோம், வியன்னா நிலையங்களில் துப்பாக்கியால் சுட்டவர்களும், 2016 மார்ச் 22 அன்று பிரஸ்ஸல்ஸ் நிலையத்தில் குண்டு வெடிக்கச் செய்தவர்களும் விமானத்தில் ஏற முயலவில்லை. செக்-இன் கூடத்தில் நின்ற கூட்டத்தையே குறிவைத்தனர். அதே ஆண்டு ஜூனில் இஸ்தான்புல் அத்தாதுர்க் நிலையத்தில், வாசலிலேயே சோதனை இருந்தும், தாக்குதல் அந்த வாசலைச் சுற்றியே நடந்தது. பிரஸ்ஸல்ஸ் தாக்குதலுக்குப் பின் அங்கே வாசலுக்கு முன் சோதனைக் கூடாரம் போட்டபோது, கூட்டம் கட்டடத்துக்கு உள்ளேயிருந்து வெளியே இடம்பெயர்ந்தது, அவ்வளவே. இந்திய நிலையங்களின் வாசல் சோதனைக்கும் இது பொருந்தும். டில்லி நிலையத்தின் மூன்றாம் முனையத்தில் 2022 டிசம்பரில் நெரிசல் மிகுந்து, துறை அமைச்சரே நேரில் வந்து பார்த்தபோது, வாசல்களின் எண்ணிக்கையும் எக்ஸ்ரே கருவிகளின் எண்ணிக்கையும் கூட்டப்பட்டன. வாசல் சோதனை எதைத் தடுக்கிறது என்ற கேள்வி எழுப்பப்படவில்லை.

அதே ஆண்டின் ஐரோப்பியக் கோடை வேறொரு பாடம். பெருந்தொற்றில் ஆள்குறைத்த நிலையங்களுக்குப் பயணிகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகத் திரும்பினர். ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோலில் பாதுகாப்பு ஊழியர் பற்றாக்குறையால் வரிசை கட்டடத்தைத் தாண்டி வெளியே நீண்டது. லண்டன் ஹீத்ரோ நாளொன்றுக்குப் புறப்படும் பயணிகளை ஒரு லட்சமாக வரம்பிட்டது. கருவிகள் அப்படியே இருந்தன. குறைந்த ஊதியத்துக்கு அதிகாலைப் பணிக்கு வர ஆள் இல்லை என்பதே சிக்கல்.

பயணி தம்மளவில் செய்யக்கூடியவை குறைவு, ஆனால் பயனுள்ளவை. நிறுத்திப் பை திறக்கப்படுவதே அதிக நேரத்தைத் தின்கிறது. திறக்கவைக்கும் பொருள்கள் முன்கூட்டியே தெரிந்தவை. பவர் பேங்க் செக்-இன் பெட்டியில் இருந்தால் பெட்டியே நிறுத்தப்படும். அது கைப்பையில், 100 வாட்-மணிக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். எண்ணெய் மிதக்கும் ஊறுகாயும் நெய்யும் திரவமாகவே கொள்ளப்படுவதால் அவற்றின் இடம் பெட்டிதான். கொப்பரை தானே சூடேறித் தீப்பற்றக்கூடிய பொருள்களின் பட்டியலில் இருப்பதால் பெட்டியிலிருந்தும் அகற்றப்படலாம்; தாய்வீட்டிலிருந்து கட்டிக்கொடுத்ததைக் கவுன்ட்டரில் விட்டுப்போவது எவருக்கும் மகிழ்ச்சியான காரியமன்று.

எஞ்சியிருப்பது இமிகிரேஷன். தமிழகத்திலிருந்து வளைகுடாவுக்குச் செல்லும் தொழிலாளர்களுக்கு இது மற்றவர்களைவிடக் கனமான கட்டம். 1983ஆம் ஆண்டுக் குடியகல்வுச் சட்டப்படி, பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் இ.சி.ஆர். என்ற குறிப்பு இடப்படுகிறது. அவர்கள் குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லக் குடியகல்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். ஏமாற்றப்படுவதைத் தடுக்க வந்த இவ்விதி கவுன்ட்டரில் கேள்விகளாக மாறுகிறது: எந்த நிறுவனம், யார் அழைத்தது, ஒப்பந்தம் எங்கே. ஒருவருக்கு ஆகும் நேரம் மற்றவரைவிடப் பன்மடங்காக வேறுபடும்போது வரிசை சராசரியைவிட மிகுதியாக நீளும் என்பது எர்லாங் வழிவந்த கணிதத்தின் மற்றொரு முடிவு. தனித்தனி வரிசைகளுக்குப் பதிலாக வளைந்து செல்லும் ஒரே வரிசையிலிருந்து ஆள்களைக் கவுன்ட்டர்களுக்கு அனுப்புவது இவ்வேறுபாட்டின் சுமையைப் பகிர்கிறது. பின்னால் வந்தவர் முன்னால் போகும் எரிச்சலும் இராது.

இன்றைய போக்கு, முன்கூட்டியே சரிபார்த்தவரைத் தனித்தடத்தில் அனுப்புவது. சிங்கப்பூரின் சாங்கியில் 2024 முதல் முகத்தையும் கருவிழியையும் அடையாளமாகக் கொண்டு, பாஸ்போர்ட்டைக் காட்டாமலே குடிமக்கள் போகவர முடிகிறது. வெளிநாட்டவர் புறப்படவும் முடிகிறது. அபுதாபி வழியாக அமெரிக்கா செல்பவர்கள், 2014 முதல் அங்குள்ள அமெரிக்க அதிகாரிகளிடமே குடிவரவை முடித்துக்கொண்டு, உள்நாட்டுப் பயணிகளைப்போல் போய் இறங்குகின்றனர். இதில் வரிசை குறையவில்லை, ஊர் மாறியிருக்கிறது. இந்தியாவின் விரைவுத்தடத் திட்டம் 2024 ஜூனில் டில்லியில் தொடங்கி, 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட நிலையங்களுக்கும், அதே ஆண்டு செப்டம்பரில் திருச்சிக்கும் விரிந்தது. இணையத்தில் விண்ணப்பித்து, கைரேகையும் முகப்படமும் தந்து, பின்னணிச் சரிபார்ப்பில் தேறியவர் மின்வாயிலில் சில நொடிகளில் கடக்கிறார். உள்நாட்டுப் பயணத்துக்கான டிஜியாத்ரா 2022 டிசம்பரிலேயே வந்துவிட்டது.

இத்திட்டங்களின் பயன் எங்கு போய்ச் சேரும் என்பது மின்வாயில்களுக்கு இடமும் ஆளும் எங்கிருந்து எடுக்கப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. கூடுதலாக நிறுவப்பட்டால், விரைவுத்தடத்தில் செல்பவர் ஒவ்வொருவரும் பொது வரிசையிலிருந்து ஓர் ஆளைக் குறைக்கிறார். 95 விழுக்காட்டில் திணறும் கவுன்ட்டர் 90க்கு இறங்கினாலே காத்திருப்பு பாதிக்கும் கீழே வந்துவிடும். இருக்கும் கவுன்ட்டர்களை மூடிவிட்டு அவற்றின் இடத்தில் நிறுவப்பட்டாலோ, அடிக்கடி பறப்பவர் சேமித்த நிமிடங்கள் அனைத்தும், முதன்முறையாகக் கடல்கடந்து வேலைக்குச் செல்பவரின் கணக்கில் சேர்க்கப்படும். வாசலிலும் பாதுகாப்பு மேசையிலும் நிற்கும் வரிசைகளை இத்தடங்கள் தொடுவதேயில்லை. விரைவாகக் கடந்தவர் பாதுகாப்புச் சோதனைக்கு வழக்கத்தைவிடச் சீக்கிரம் போய்ச் சேர்ந்து, ஏற்கெனவே 90 விழுக்காட்டைத் தாண்டிய மேசையின் முன் நிற்கிறார்.